ஒரே இலை, இரண்டு அடுப்பு

ஒரு கைப்பிடி வல்லாரை கிடைத்தால் யாழ்ப்பாணத்து வீட்டில் அடுப்பைப் பற்றவைக்க வேண்டிய தேவையே இல்லை. இலையைக் கழுவி, தண்ணீரை உதறி, கத்தையாகச் சேர்த்து இறுக்கிப் பிடித்து நூல் நூலாக அரிவார்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்துப் பிசறி, கடைசியாகத் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு விட்டால் வல்லாரைச் சம்பல் தயார். சிங்கள வீடுகளில் இதோடு கொஞ்சம் மாசித் தூளும் விழும். அதே கைப்பிடி வல்லாரை மதுரைக்கோ திருச்சிக்கோ வந்தால் வாணலி ஏறிவிடும். எண்ணெயில் உளுத்தம்பருப்பு சிவக்க வேண்டும், காய்ந்த மிளகாய் கருகாமல் வறுபட வேண்டும், இலை சுருண்டு வதங்க வேண்டும். பிறகு புளி, உப்பு வைத்துக் கெட்டியாக அரைத்தால் வல்லாரைத் துவையல். சம்பல் அந்த வேளைச் சோற்றோடு முடிந்துவிடும். துவையல் மறுநாள் தயிர்சாதத்துக்கும் தொட்டுக்கொள்ள ஆகும்.

செடி ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் கிணற்றடியில் குளித்த தண்ணீர் ஓடும் இடத்தில் படர்கிறது, தமிழ்நாட்டில் வாய்க்கால் கரையிலும் வரப்பிலும் படர்கிறது. வித்தியாசம் வல்லாரையோடு நிற்கவும் இல்லை. முருங்கை, அகத்தி, தூதுவளை, கறிவேப்பிலை என்று வீட்டைச் சுற்றி விளைவதை எடுத்துக்கொண்டால், இலங்கைச் சமையல் பெரும்பாலும் அதைத் தேங்காயோடு சேர்த்துக் குறைந்த சூட்டில் முடித்துவிடுகிறது. தமிழ்நாட்டுச் சமையல் பருப்போடும் புளியோடும் சேர்த்து வேகவைக்கிறது, கடைகிறது, அரைக்கிறது.

தென்னையும் உளுந்தும்

இதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம், வீட்டைச் சுற்றிய வளவுக்குள்ளேயே இருக்கிறது. இலங்கையில் சாதாரண வீட்டு வளவிலும் இரண்டு தென்னை நிற்கும். பருப்போ பெரும்பாலும் கடைச்சரக்கு. அங்கே அன்றாடம் கறியாகும் மைசூர்ப் பருப்பு கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருவது. தமிழ்நாட்டு மானாவாரி நிலம் துவரையும் பச்சைப்பயறும் தந்தது. காவிரிப் படுகையில் சம்பா, தாளடி அறுவடைக்கு முன்னமே ஈர வயலில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடும் வழக்கம் இன்றும் உண்டு. கையில் இருந்தது எதுவோ, கீரை அதோடு கூட்டுச் சேர்ந்தது.

சிங்களச் சமையலின் மல்லுங் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பொன்னாங்காணியோ முருங்கையிலையோ எதுவானாலும் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், உப்போடு சட்டியில் போட்டு இரண்டு மூன்று நிமிடம் கிளறுவார்கள். எண்ணெய் தேவையில்லை. இறக்கிய பிறகே தேசிக்காய். யாழ்ப்பாணத்து வறை இதற்கு நெருங்கிய சொந்தம், அடுப்பில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். தமிழ்நாட்டின் கடையல் முற்றிலும் வேறு. அரைக்கீரையையோ முளைக்கீரையையோ சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், பச்சை மிளகாயோடு மண்சட்டியில் குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, கடுகு உளுந்து தாளித்துக் கொட்டுவது. அரிவாள்மணையைவிட மத்துக்கே அங்கு வேலை அதிகம்.

ஆனால் இந்த எல்லைக்கோடு பாக்கு நீரிணையின் நடுவே ஓடுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் முருங்கையிலையும் சீரை எனப்படும் கீரையும் தேங்காய்த் துருவலோடு தோரனாகத்தான் வருகின்றன. கேரளம் முழுக்க அதே கதை. தோரனையும் வறையையும் மல்லுங்கையும் ஒரே இலையில் பரிமாறினால் அக்காள் தங்கைகள் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். சமையலில் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்து ஊர் நாகப்பட்டினம் அல்ல, நாகர்கோவில்தான்.

முறை வேறானாலும் பச்சை நிறத்தைக் காப்பாற்றும் சூட்சுமம் இரண்டு பக்கமும் தெரிந்திருக்கிறது. கீரை வேகும்போது மூடி போடாதே என்பது தமிழ்நாட்டுப் பாட்டிமார் சொல். தேசிக்காய்ப் புளியை அடுப்பில் வைத்து விடாதே, இறக்கிய பின் விடு என்பது இலங்கை அம்மம்மாமார் சொல். இலையின் பச்சையம் சூட்டிலும் அமிலத்திலும் தன்னிடமுள்ள மக்னீசியத்தை இழந்து பழுப்பேறும். மூடாமல் வேகவைத்தால் இலையிலிருந்து கிளம்பும் அமில ஆவி வெளியேறிவிடுகிறது. புளியைக் கடைசியில் விட்டால் அமிலத்துக்கு வேலை செய்ய நேரமில்லை. வேதியியல் ஒன்றே.

கஞ்சியில் ஊற்றுவதா, கஷாயத்தில் காய்ச்சுவதா

மூலிகை என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டுக்காரருக்கு நோய் நினைவுக்கு வரும். இருமலுக்குத் தூதுவளை ரசம், சளிக்கு ஓமவல்லிக் கஷாயம், மூட்டு வலிக்கு முடக்கத்தான் தோசை, வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை, ஒரு காரணம் உண்டு. காரணம் தீர்ந்தால் செடி தொட்டியில் சும்மா நிற்கும்.

இலங்கையில் மருந்து, உணவு என்ற பிரிவினை இவ்வளவு கறாராக இல்லை. சிங்களப் பகுதிகளில் காலையில் குடிக்கும் கொல கெந்த எனும் இலைக்கஞ்சியைப் பார்க்கலாம். சிவப்புப் பச்சையரிசியைக் குழைய வேகவைக்கிறார்கள். வல்லாரை, சாத்தாவாரி போன்ற இலைகளில் ஒன்றையோ பலவற்றையோ தண்ணீர் விட்டு இடித்துப் பிழிந்து சாறெடுக்கிறார்கள். தேங்காய்ப்பால் விட்டு, கடைசியில் இலைச்சாற்றை ஊற்றி, ஒரு கொதி வரும் முன்பே இறக்கிவிடுகிறார்கள். கித்துள் கருப்பட்டியில் ஒரு கடி, கஞ்சியில் ஒரு மிடறு. இது நோயாளிக்கான பத்தியம் அல்ல, வேலைக்குப் போகிறவரின் காலை உணவு. நேரமில்லாதவர்கள் தெருவோரத்தில் வாங்கிக் குடிக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் தேங்காய்ப்பாலில் இலைக்கஞ்சி உண்டு. தூதுவளை, முல்லை, முசுட்டை என வேலியில் கிடைத்ததெல்லாம் அதற்குள் போகும்.

குறிஞ்சாவும் அப்படித்தான். இலங்கைச் சந்தையில் கட்டாக வாங்கி, கைப்பு அடங்கத் தேங்காய்ப்பூ நிறையப் போட்டுச் சுண்டல் செய்கிறார்கள். அதன் உறவுக்கொடியான சிறுகுறிஞ்சான் தமிழ்நாட்டில் சமையலறைக்கு வருவது அபூர்வம். நாட்டு மருந்துக் கடையில் சர்க்கரை நோய்க்கான பொடியாகவே அது பெயர் பெற்றிருக்கிறது.

இந்தியப் பக்கத்தில் கொல கெந்தவுக்கு ஈடு தேடினால் மறுபடியும் கேரளத்துக்கே போக வேண்டும். மழை கொட்டும் கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில், நவரை அரிசியும் வெந்தயமும் மூலிகைகளும் சேர்த்துக் கஞ்சி வைப்பார்கள். பத்து வகை இலையைப் பறித்துத் தோரனும் செய்வார்கள். ஆனால் அது மாதக் கணக்கு, இலங்கையில் நாள் கணக்கு.

வாசனைக்கு எந்த இலை

கறிவேப்பிலை இரு நாட்டுக்கும் பொது. அதற்குப் பக்கத்தில் நிற்பது யார் என்பதில்தான் மணம் மாறுகிறது. இலங்கையில் ரம்பையும் எலுமிச்சம்புல்லும் நிற்கின்றன. ரம்பை தாழைக்கு நெருங்கிய உறவு. முள் அநேகமாக இல்லாத நீண்ட இலை, பூத்து விதை தராத செடி. பக்கக்கன்றைப் பிடுங்கி வைத்தால் பிழைத்துக்கொள்ளும். நிழலும் ஈரமும் இருந்தால் ஒரு வீட்டுக்கு ஒரு தூர் போதும். விரல் நீளத்துக்கு நறுக்கி வெங்காயத்தோடு எண்ணெயில் போட்டால் பாஸ்மதி சோறு வேகும் மணம் எழும். இரண்டிலும் இருப்பது ஒரே மணப்பொருள் என்பதால் அது பிரமை அல்ல. பருப்புக்கறி, கோழிக்கறி, மஞ்சள் சோறு எதிலும் இந்த இலையைப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் அந்த இடம் கொத்தமல்லித்தழைக்கும் புதினாவுக்கும். ரசத்தை இறக்கும்போது கிள்ளிப்போடும் தழை இல்லாவிட்டால் ரசம் முடிந்ததாகவே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பழைய சமையலில் கொத்தமல்லி என்றால் விதைதான். தூளுக்கும் தடிமனுக்குக் குடிக்கும் கொத்தமல்லித் தண்ணீருக்கும் அது வேண்டும், தழைக்குப் பெரிய இடமில்லை.

இலை பறிக்கும் இடமும் மாறிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டு நகரங்களில் கறிவேப்பிலை காய்கறிக் கடைக்காரர் கொசுறாகக் கொடுப்பது. கோவை மாவட்டத்தின் காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் அது தோட்டப் பயிராக விளைந்து மூட்டையாகப் போகிறது. இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்குச் செடி என்ற எண்ணத்தில் வீட்டு மரங்கள் பல போயின. இப்போது கடை இலையில் பூச்சிமருந்து இருக்குமோ என்ற பயத்தில் மாடித் தொட்டிக்கு அது திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

கடல் தாண்டிய முருங்கை

தமிழ்நாட்டுத் தோட்டக்கலைப் பாடப்புத்தகத்தில் முருங்கை ரகங்களைப் புரட்டினால் கொடிக்கால் முருங்கை, செம்முருங்கை ஆகியவற்றோடு இரண்டு இலங்கைப் பெயர்கள் நிற்கும்: யாழ்ப்பாண முருங்கை, சாவகச்சேரி முருங்கை. முதலாவதன் காய் 60 முதல் 90 செ.மீ., இரண்டாவது அதையும் தாண்டி 120 செ.மீ. வரை நீளும். போத்து வெட்டி நட்டால் பல ஆண்டு நிற்கும் மரங்கள் இவை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம். 1 விதையிலிருந்து ஆறு மாதத்தில் காய்க்க ஆரம்பித்ததும் வயல்களில் பழைய மரங்கள் பெருமளவு குறைந்தன. வீட்டுக் கொல்லையில் போத்து முருங்கை இன்னும் தாக்குப் பிடிக்கிறது.

காய் இரு பக்கமும் ஒன்றாகவே குழம்பில் விழுகிறது. இலையில்தான் பேதம். யாழ்ப்பாணத்து நண்டுக்கறி இறக்கும் தறுவாயில் ஒரு பிடி முருங்கையிலை போடுவது எழுதாத விதி. பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழிலும் மீன், இறால், பயற்றங்காய், பலாக்கொட்டையோடு அது இருக்கும். தமிழ்நாட்டில் முருங்கைக்கீரை அடை மாவில் கலக்கும், கேழ்வரகு ரொட்டியில் ஒட்டும், துவரம்பருப்போடு சாம்பாராகும். அசைவத்தோடு அது சேர்வது பெரும்பாலும் முட்டையோடுதான்.

வேப்பம்பூவில் மட்டும் கணக்கு மாறுகிறது. உடனே பறித்து உடனே உண்ணும் யாழ்ப்பாணமே இங்கே சேமிக்கிறது. பங்குனி சித்திரையில் உதிரும் பூவை ஊறவைத்து அரைத்த உளுந்து, செத்தல் மிளகாய், வெங்காயத்தோடு பிசைந்து, தட்டி, வெயிலில் காயவைத்து வடகமாக்குகிறார்கள். மாரி மழையில் வெளியே போக முடியாத நாளில் அதைப் பொரித்தால் சோறு இறங்கும். தமிழ்நாட்டில் மரத்தடியில் வேட்டியை விரித்துப் பூவைச் சேர்த்துக் காயவைத்து, நெய்யில் வறுத்து ரசத்தில் போடுகிறார்கள். சித்திரை முதல் நாள் பச்சடியிலும் அது இருக்கும். சேமிக்கும் கலையில் தமிழ்நாட்டின் கை இன்னும் நீளம். மணத்தக்காளி, சுண்டைக்காய், கொத்தவரை எல்லாம் அங்கே வற்றலாகி வத்தக்குழம்புக்குக் காத்திருக்கின்றன.

அரசாங்கமும் கொல்லையும்

இலங்கையில் வீட்டுத் தோட்டம் சட்டத்துக்குள்ளும் வந்திருக்கிறது. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டக் கூடாது என்கிறது 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம். சொந்த வளவில் நின்றாலும் விதி அதுவே. பலாவை அங்கே பழமாக மட்டும் பார்ப்பதில்லை. பிஞ்சு பொலொஸ் கறியாகும், முற்றிய காய் அவிந்து ஒரு வேளைச் சோற்றுக்கு ஈடாகும், கொட்டை தனிக் கறியாகும். பண்ருட்டியின் பேர் போன பலா பெரும்பாலும் பழமாகவே லாரி ஏறுகிறது.

2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, மறு ஆண்டு டாலர் தட்டுப்பாட்டில் சிக்கியபோது இலங்கை அரசு திரும்பிப் பார்த்ததும் இந்தக் கொல்லையைத்தான். 2022 ஜூனில், வீட்டில் பயிர் செய்யட்டும் என்று அரசு ஊழியர்களுக்கு மூன்று மாதம் வெள்ளிக்கிழமை விடுப்புத் தர அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டு அரசின் முயற்சி வேறு சூழலில் பிறந்தது. 2013 வாக்கில் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய மாடித்தோட்டத் திட்டம் மானிய விலையில் பை, தென்னைநார்க் கழிவு, விதை ஆகியவற்றைத் தந்தது. ஒன்று பஞ்சத்துக்குப் பயந்து செய்தது, மற்றது நகரத்து மொட்டை மாடியை நம்பிச் செய்தது.

கீரையை அதிகம் மாற்றாமல் உண்பதில் இலங்கை அடுப்பே ஒரு படி மேல். விளைந்ததை வீணாக்காமல் ஆண்டு முழுக்க நீட்டுவதில் தமிழ்நாட்டு அடுப்பு. இரண்டையும் ஒரே வீட்டில் செய்வதற்குத் தடை எதுவும் இல்லை. மாடியில் வல்லாரைத் தொட்டி வைத்திருப்பவர்கள் அடுத்த முறை துவையலுக்கு வாணலி வைக்கும் முன் பாதி இலையைச் சம்பலுக்கு ஒதுக்கிப் பார்க்கலாம். பச்சையாக உண்பதால் ஓடும் தண்ணீரில் நாலைந்து முறை அலச வேண்டும், சாக்கடை ஓரத்து இலையைத் தொடவே கூடாது. அதேபோல யாழ்ப்பாணத்தில் வேலியோரம் தானாக முளைத்துக் காய்த்துக் கொட்டும் மணத்தக்காளியை மோரில் ஊறவைத்து நாலு வெயிலில் போட்டெடுத்தால் மாரி காலத்துக்கு ஒரு போத்தல் வற்றல் கிடைக்கும்.