அலவன் வெளியே வரும் வரை

குடும்பத்தோடு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகிறவர்கள் மாலையில்தான் போகிறார்கள். பஜ்ஜிக்கும் கால் நனைக்கவும் அது நல்ல நேரம். கரையில் வாழும் உயிர்களைப் பார்க்க வேண்டுமானால் விடிந்ததும் அங்கே இருக்க வேண்டும். இரவெல்லாம் மணலில் ஊர்ந்தவற்றின் தடங்கள் அப்போதுதான் மிதிபடாமல் கிடக்கும்.

முதலில் நண்டு வளையைத் தேடுங்கள். வாயருகே ஈர மணல் புதிதாகச் சிதறியிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, சற்றுத் தள்ளி அசையாமல் இருக்க வேண்டும். நம் காலடியின் அதிர்வே நண்டுக்குப் போதும். முதலில் இரண்டு கண்கள் எழும்பும். காம்பின் மேல் நிமிர்ந்து நாலா பக்கமும் பார்க்கும். பிறகு பக்கவாட்டில் உடல் வரும், ஒரு கொடுக்கு பெரிது, ஒன்று சிறிது. அணைத்துக்கொண்டு வந்த மணலை வீசி எறிந்துவிட்டு, நம்மை எடைபோட்டபடி நிற்கும். அந்த நிற்றலுக்காகவே நான் அதிகாலையில் எழுந்து போவேன். செவுள் உலரக் கூடாது என்பதால் இடையிடையே நீர் விளிம்புக்கு ஓடி நனைத்துக்கொண்டு திரும்பும். அலவனாட்டி, அதாவது நண்டைத் துரத்தி, விளையாடிய பெண்கள் சங்க நெய்தல் பாடல்களில் வருகிறார்கள். ஆனால் ரசிப்பதற்கு, துரத்துவதைவிடக் காத்திருப்பதே மேல் என்பேன். பாட்டிலில் பிடித்து அடைப்பதைப் பிள்ளைகளுக்குப் பழக்கவே வேண்டாம்.

அடுத்து, அலை பின்வாங்கும் சரிவு. இறங்கும் நீரில் கவட்டை வடிவச் சிறு நெளிவுகள் தெரிந்தால் அடியில் மணலில் புதையும் நண்டு இருக்கிறது. கடலைப் பார்த்தபடி புதைந்து, இறகு போன்ற உணர்கொம்புகளை நீட்டி, திரும்பி ஓடும் நீரிலிருந்து இரையை வடிகட்டும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் இவ்வளவும் முடிந்துவிடும். இதை முதலில் கண்டுபிடிப்பது எப்போதும் குழந்தைகள்தான். அவர்கள் கண் மணலுக்கு அருகில் இருக்கிறது.

பனிக்காலத்தில் உப்புக்கொத்தி, உள்ளான் பறவைகள் வந்திருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை, இரவில் பங்குனி ஆமை ஏறி வந்து முட்டையிட்டுப் போன தடம் சில காலைகளில் கிடைக்கும்: நடுவே உடல் இழுபட்ட கோடு, இருபுறமும் துடுப்பு பதிந்த வரிசை. ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டைகள். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இந்தக் கரையில் இரவு நடை நடந்து அவற்றைக் காத்துவருகிறார்கள்.

கரையொதுங்கும் நீல நிறத்தை மட்டும் கண்ணால் தொட்டால் போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இங்கே நீல டிராகன்கள் ஒதுங்கின. விரல் நீளம்கூட இல்லாத கடல் நத்தை அது, பக்கங்களில் கதிர்கதிராக விரிந்திருக்கும். கொட்டும் நீலக் கடற்சொறிகளைத் தின்று, அவற்றின் கொட்டும் செல்களைத் தன் உடலிலேயே சேமித்துவைக்கும். கையில் எடுத்தால் கடுமையாக வலிக்கும். முழந்தாளிட்டுக் குனிந்து பார்த்தாலே அந்த நீலத்தின் ஒவ்வொரு அடுக்கும் தெரியும்.