நடேசய்யர் வரலாற்றில் துறைமுகம்

சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களைப் பற்றி எழுதுவோர் 1942 ஏப்ரல் 9ஆந் திகதி நிகழ்ந்த யப்பானியக் குண்டுவீச்சையும், 1957இல் பிரித்தானியர் தளங்களைக் கையளித்தமையையும் தவறாது குறிப்பிடுவர். அங்கு மண் வெட்டியும் இரும்பு சுமந்தும் உழைத்தோர் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இலங்கையில் இந்தியத் தொழிலாளர் வரலாறு ஏறத்தாழ முழுவதும் தேயிலைத் தோட்டத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளமை இதற்கொரு காரணமாகும். கோ. நடேசய்யரை மதிப்பிடும் முறையும் இக்குறையினின்று நீங்கியதன்று.

சாரல்நாடனின் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ என்னும் நூல் இத்துறையில் வழிகாட்டி. சிதறிக் கிடந்த செய்திகளை ஒருவர் தனித்து நின்று திரட்டிய உழைப்பு அது. அதன்பின் வந்த கட்டுரைகள் பலவோ ஒரே தடத்திற் செல்கின்றன: தஞ்சையிலிருந்து வந்தவர், புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குட் புகுந்தவர், 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அமைத்தவர், 1936இல் அற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றவர். இவை யாவும் உண்மை. ஆயின் மலைநாட்டுத் தலைவராகுமுன் அவர் கொழும்பிலே ஏ. ஈ. குணசிங்கவுடன் இணைந்து நகரத் தொழிலாளரிடையே உழைத்த காலம் இத்தடத்தில் ஒரு முன்னுரையாகச் சுருங்கிவிடுகின்றது.

1927இல் கொழும்புத் துறைமுக வேலைநிறுத்தத்திற் சிங்களவரும் தமிழரும் மலையாளிகளும் முஸ்லிம்களும் ஒருங்கே நின்றனர். அடுத்த ஆண்டிலேயே நடேசய்யரும் குணசிங்கவும் பிரிந்தனர். இருவரின் மனப்போக்குகள் முரண்பட்டன என்று கூறி இப்பிரிவைக் கடந்துவிடுதல் எளிது. 1928இல் டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தது என்பதை இதனோடு சேர்த்தே நோக்கல் வேண்டும். வேலைநிறுத்தத்திற்கு எல்லாக் கைகளும் வேண்டும். தேர்தலுக்கோ தொகுதியிற் பெரும்பான்மையே போதும். 1930களில் குணசிங்க மலையாளிகளுக்கெதிரான இயக்கத்தை நடத்தினார். நடேசய்யர் மலையேறினார். ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது வரலாற்றுக்கு உதவாது.

நடேசய்யரின் எழுத்தே இதற்குச் சான்று தருகின்றது. ‘நீ மயங்குவதேன்?’ என்ற நூற்பெயரை நோக்குக. கங்காணியும் துரையும் தொழிலாளியை விளித்த அதே ‘நீ’யை, அவனைத் தாழ்த்துவதற்கன்றி எழுப்புவதற்காக அவர் எடுத்தாண்டார். ‘தேசபக்தன்’ பத்திரிகை, துண்டுப்பிரசுரம், ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு’ நாடகம், துணைவியார் மீனாட்சியம்மையார் கூட்டங்களிற் பாடிய பாடல்கள் ஆகிய யாவும், எழுத்தறியாதவனும் பிறர் வாய்வழியே கேட்டுணரத்தக்கன. (‘அந்தரம்’ என்ற சொல் ஈழத்துப் பேச்சுவழக்கில் தரும் தவிப்பைத் தஞ்சாவூர்க்காரர் எவ்வளவு உணர்ந்திருந்தாரோ!) இவ்வளவிற்கும் அந்த ‘நீ’ தமிழறிந்தவனே. துறைமுகத்தில் அவனருகே மூட்டை சுமந்த சிங்களவனைச் சென்றடைய அவருக்குக் குணசிங்கவின் குரல் தேவைப்பட்டது. அக்குரல் விலகியதும், அவருடைய மிகப்பெரும் ஆற்றலே அவரது எல்லையாகவும் அமைந்துவிட்டது. அவரைப் போற்றுவோர் கூற மறுப்பது இதனையே.

இதன் விளைவு தோட்டங்களோடு நிற்கவில்லை. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களின் இந்திய நாட்கூலிகளை நீக்க முடிவெடுக்கப்பட்டபோது, அதனைத் தம்மையும் தாக்கும் செய்கையாக எண்ணி எதிர்க்கத்தக்க பொதுச் சங்கம் எஞ்சியிருக்கவில்லை. நேரு வந்தார், இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது, நடேசய்யர் அதற்குப் புறத்தே நின்றார். 1947 பொதுத்தேர்தலிற் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அவர் தோல்வியுற்று, அவ்வாண்டு நவம்பரில் மறைந்தார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், கொழுந்து பறித்தவரையும் கப்பற்றுறையில் உழைத்தவரையும் வேறுபிரித்து நோக்கவில்லை.

‘தேசபக்தன்’ இதழ்களில் 1927, 1928ஆம் ஆண்டுகளுக்குரிய தலையங்கங்களை வரிசைப்படுத்தி, ‘தொழிலாளர்’ என்ற சொல் எவரெவரைக் குறித்து நின்றது என்று நோக்குவது பயனுடைய ஆய்வாகும். திருகோணமலைக் கப்பற்றுறையில் வேலைசெய்தோரின் பிள்ளைகளிடம் வாய்மொழிச் செய்திகளைத் திரட்டும் பணியும் அதனோடு கூடவே தொடங்கப்படல் வேண்டும்.