முகத்தில் எவ்வளவு நிழல் மிஞ்சலாம்?

மும்பை ஏறத்தாழ 19 பாகை வடக்கில் இருக்கிறது. மே மாத நடுவிலும் ஜூலை இறுதியிலும் நண்பகல் சூரியன் அங்கே உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். புருவத்தின் நிழல் கண்குழியை மூடிவிடும். தைப்பொங்கலன்று வெயில் சாய்ந்து விழும் என்றாலும் வேறு சிக்கல் வருகிறது. தாராவியின் 90 அடி சாலையில் தெருவிலேயே அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கும் பெண்கள் பானை மேல் குனிந்திருப்பார்கள். முதுகில் வெயில், முகத்தில் நிழல். இரண்டுக்கும் மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு, வித்தியாசம் வருவது சாதாரணம். வெயிலுக்குக் கணக்கிட்டு எடுத்தால் முகம் கரியாகும். கறுத்த முகமென்றால் கண்கூடத் தெரியாது. முகத்துக்குக் கணக்கிட்டால் பின்னாலுள்ள தெரு வெளுத்துப்போகும். இங்கே நிழலை நிரப்பும் ஃபில் ஃபிளாஷ் தேவைதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எவ்வளவு ஒளி கொடுப்பது என்றே அதைக் கற்கிறோம்; எவ்வளவு நிழலை விட்டுவைப்பது என்று கற்பதில்லை. படங்கள் கெடுவது பெரும்பாலும் இதனால்தான்.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/200, அப்பர்ச்சர் எஃப் 11 வைத்தால் தெரு சரியாகப் பதிவாகும். பெரும்பாலான கேமராக்களின் சிங்க் வேகம் 1/200 அல்லது 1/250 என்பதால் சாதாரண ஃபிளாஷ் முறையில் ஷட்டரை அதற்கு மேல் ஓட்ட முடியாது. வழிகாட்டு எண் 36 கொண்ட ஃபிளாஷ் முழு பலத்தில் எரிந்தால், 3.3 மீட்டரில் இருக்கும் முகத்துக்கு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கும். அவ்வளவு வேண்டாம். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் குறைத்தால் கண்ணில் சிறு மின்னல் வரும், மூக்குத்தி தெரியும், வெயில் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதும் முகத்தில் தங்கும். பின்னணியை மங்கலாக்க எஃப் 2.8 கேட்பவர்களுக்குத்தான் தொல்லை: ஷட்டர் 1/3200க்குப் போக வேண்டும், ஹை ஸ்பீடு சிங்க் போட்டால் ஃபிளாஷின் பலம் சரிந்துவிடும். மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸில் கல்யாண ஜோடியை நிறுத்தி எடுப்பவர் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் மாட்டலாம். மர நிழலுக்கு நகர்வது அதைவிட மலிவு.

இனி குறைகள். கேமராவின் தலையில் பொருத்திய ஃபிளாஷ் அடுப்புப் புகையைத்தான் முதலில் சந்திக்கும். புகை வெண்திரையாகி முகத்தை மறைக்கும். நெற்றி வியர்வை எண்ணெய்போல் மினுங்கும், விபூதிப் பட்டை வெறும் வெள்ளைத் திட்டாகும். ஃபிளாஷைக் கழற்றிப் பக்கவாட்டில் பிடித்தால் இவை குறையும். டி.டி.எல். தானியங்கி முறையின் பிழை இதைவிட ஆழமானது. எதிரே இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொள்ளும் முறை அது. வெள்ளை வேட்டியைக் கண்டால் ஒளியைக் குறைக்கும், கறுத்த முகம் சட்டகத்தை நிறைத்தால் கூட்டும். கறுப்பு முகம் மாநிறமாகித் திரும்பும். அதைக் குறையென்று சொல்பவர் அரிது. சிவப்பாகத் தெரிவதே அழகு என்ற நம் பழக்கம் கருவியின் பிழைக்குத் துணை நிற்கிறது. பட்டப்பகலில் ஃபிளாஷை ஓங்கி அடித்து இங்கிலாந்தின் நியூ பிரைட்டன் கடற்கரையைப் படமாக்கிய மார்ட்டின் பாரின் ‘தி லாஸ்ட் ரிசார்ட்’ (1986) நூலை எதிர்வாதமாகக் காட்டலாம். அவருக்கு அந்த விடுமுறைக் கூட்டத்தின் கூச்சலிடும் நிறங்கள் வேண்டியிருந்தன. கூடத்துச் சுவரில் மாட்டப்போகும் அம்மாவின் படத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது.

கணினியில் நிழலைத் தூக்கிவிடலாமே என்பார்கள். இன்றைய சென்சார்கள் அதைத் தாங்கும், உண்மை. ஆனால் தூக்கினால் கண்ணில் மின்னல் பிறக்காது. நிழலுக்குள் கலந்திருக்கும் வானத்து நீலமும் கூடவே எழுந்து தோலின் நிறத்தைக் கெடுக்கும். சினிமாக்காரர்களின் தெர்மாகோல் பலகை மென்மையானது. செம்பூர் செட்டா நகர் முருகன் கோயில் வாசல்போல் இடமும் பிடிக்க ஆளும் இருந்தால் நான் பலகைக்கே ஓட்டுப் போடுவேன். தாராவியின் சந்தில் பலகையைத் திருப்ப இடமில்லை, திருப்பிவிட வெயிலும் இல்லை.

கனமான எதிர்ப்பு வேறொன்று: வெளியாரின் கேமராக்களுக்கு ஆளாகிச் சலித்த தாராவியில் ஃபிளாஷ் அடிப்பது அத்துமீறல் என்பது. கண்ணைக் கூசவைக்கிறது, மறுப்பதற்கில்லை. என்றாலும் ஃபிளாஷை வைத்துக்கொண்டு திருட்டுத்தனமாகப் படமெடுக்க முடியாது. முதல் வெட்டிலேயே எடுப்பவர் வெளிப்பட்டுவிடுவார். ஆகவே முன்பே கேட்டாக வேண்டும், பேசி நிறுத்தியாக வேண்டும். தூரத்திலிருந்து நீள லென்ஸால் பிடிப்பதைவிட இதில் எதிரே நிற்பவருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் வாய்ப்பு கூடுதல். அந்த வாய்ப்பே இல்லாத இடத்தில், பெரியவர்கள் எவரும் அருகில் இல்லாமல் பிள்ளைகள் விளையாடும் முடுக்கில், ஃபிளாஷை அணைத்துவிட்டதாலேயே படமெடுப்பது சரியாகிவிடாது.