நோக்கும் ஓட்டமும்: வெள்ளியங்கிரிப் பயணக் காணொளிகள் பற்றிய ஒரு திறனாய்வு

மலையேறுவாரும் புள்ளினம் காண்பாரும் தாம் கண்டதைப் பிறர்க்கு அறிவித்தற்கு இந்நாளில் இரு நெறிகளை மேற்கொள்கின்றனர். நிழற்படம் சிலவற்றை நிரலே அமைத்து அவற்றோடு உரை எழுதிச் சேர்த்தல் ஒன்று. நடந்ததை ஓடும் படமாக எடுத்துக் காணொளியாக இணையத்தில் ஏற்றுதல் மற்றொன்று. கோவை வட்டாரத்தில் பின்னது பெருகி முன்னது அருகி வருதல் கண்கூடு. இஃது அவரவர் விருப்பம் பற்றியது, தமிழாய்வாளர்க்கு இதில் வேலையில்லை என்பார் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. தான் சென்ற வழியைப் பின்வருவானுக்கு எடுத்துரைத்தல் தமிழில் ஓர் இலக்கிய வகையாகவே நிலைபெற்ற தொழிலாகும். அதனை அளத்தற்குரிய கோல் நம்மிடத்தே உள்ளது. அக்கோல் கொண்டு இக்காலத்து ஆக்கங்களை அளந்து பார்த்தல் நம் கடனுமாகும்.

பத்துப்பாட்டுள் இறுதிக்கண் நிற்கும் மலைபடுகடாம் 583 அடிகளால் ஆயது. நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்குப் பெருங்கௌசிகனார் அதன்கண் வழி கூறுகின்றார். அப்பாட்டினை மன்னன் புகழாகவே படித்துப் பழகிவிட்ட நாம் அதன் இடைப்பகுதியை மலையேறுவான் ஒருவனது கண்கொண்டு மீண்டும் படித்தல் வேண்டும். பன்றிக்கென வைத்த பொறிகள் வழியில் உள, ஆதலின் இருளிற் செல்லாது விடிந்தபின் செல்லுக என்கின்றார். பாம்பு உறையும் இடங்களைச் சுட்டுகின்றார். தினைப்புனம் காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கல் மூங்கிலிடையே தத்தித் தத்தி வரும். அவ்வேளை மரத்தை மறைவாகக் கொண்டு கடக்குக என்கின்றார். பாசி படர்ந்து கால் வழுக்கும் இடத்தில் எச்செடியின் கோலைப் பற்றிக்கொண்டு செல்வது என்பது வரையில் அவர் உரை செல்கின்றது. இவற்றுள் ஒன்றேனும் அணிநயம் கருதிச் சொல்லப்பட்டதன்று. கேட்பவன் உயிரோடு போய்ச் சேரவேண்டும் என்னும் கவலையே இவ்வடிகளை நடத்துகின்றது.

ஒலியைக் காணொளி தரும், எழுத்துத் தாராது என்னும் வாதத்திற்கும் இப்பாட்டே மறுமொழி. மலையில் எழும் ஓசைகள் ஏறத்தாழ இருபதனைப் புலவர் அடுக்கிக் கூறுகின்றார். அருவியின் ஓசை, முள்ளம்பன்றி தாக்கப் புண்பட்ட கானவரின் அழுகை, புலி கீறிய கணவனது புண் ஆறக் கொடிச்சியர் பாடும் பாட்டு, கரும்பு ஆலைகளின் ஒலி என அவை விரிகின்றன. பாட்டின் பெயரே இவ்வோசைகளால் அமைந்தது. ஈண்டு நாம் கருதத்தக்கது, ஒவ்வோர் ஓசைக்கும் அஃது எழுந்த காரணம் உடன் கூறப்படுகின்றது என்பதே. ஒலிவாங்கி ஓசையைப் பிடிக்கும். அஃது அழுகையா பாட்டா, எதன் பொருட்டு எழுந்தது என்பதை அது பிடிக்கமாட்டாது. நன்னனது மலை கொங்குநாட்டைச் சேர்ந்ததன்று என்பதை யாம் அறிவோம். ஆயினும் வழியுரைக்கும் முறைக்கு நம் மொழியில் இதனினும் சிறந்த அளவுகோல் இல்லை.

இனிக் கொங்குநாட்டு மலைக்கு வருவோம். கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரத்திலிருந்து வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறி இறங்குதல் பன்னெடுங்காலமாக நிகழ்ந்து வருவது. ஆண்டுதோறும் மாசி தொடங்கி வைகாசித் தொடக்கம் வரையுள்ள திங்கள்களில் வனத்துறை இசைவளிக்கும் காலத்தில், மூங்கிற் கோல் ஊன்றி, பெரும்பாலும் இரவிலே மக்கள் ஏறுகின்றனர். வழிபாட்டிற்காக ஏறுவாரோடு மலையேற்றத்தின் பொருட்டே ஏறுவாரும் இப்போது மிகுந்துளர். இவருள் பலர் தம் பயணத்தைக் காணொளியாக்கி இடுகின்றனர். அவற்றுட் பலவற்றை யாம் பொறுமையுடன் இருந்து கண்டோம்.

கண்டவை பெரும்பாலும் ஒரே வார்ப்பின. முதலில் ஏறுவானது முகம். அவன் நண்பர்களை விளித்து வணக்கம் கூறுவான். பின்னர் அடிவாரக் கடைகள், கோல் வாங்குதல். அடுத்து இருளில் விளக்கொளிகள் வரிசையாக மேலே செல்லும் காட்சி. இஃது உண்மையிலேயே அழகியது, எழுத்தால் இதனை இவ்வளவு விரைவில் காட்டுதல் அரிது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். அதன்பின் இடைமலைகள் விரைவுபடுத்தப்பெற்று இசையோடு ஓடிவிடும். இறுதியில் ஏழாவது மலையில் கதிரவன் எழுவான். ஆறேழு மணி நேர ஏற்றம் பன்னிரண்டு மணித்துளியாகச் சுருங்குகின்றது. சுருக்குதல் குற்றமன்று. மலைபடுகடாமும் சுருக்கமே. எதனைச் சுருக்கினர் என்பதே வினா. ஏறுவானுக்கு எவ்விடம் இடர் தருமோ அவ்விடமே காணொளியில் விரைந்து ஓடுகின்றது. ஏனெனில் அங்கே காண்பதற்கு ஒன்றுமில்லை, மூச்சு வாங்குதல் ஒன்றே உள்ளது.

இதனோடு கருவியின் இயல்பும் சேர்கின்றது. அகன்ற கோணத்து வில்லை செங்குத்தான ஏற்றத்தைச் சரிவு குறைந்ததாகக் காட்டும். நடுக்கம் நீக்கும் அமைப்பு நடப்பவனது தள்ளாட்டத்தை மறைத்துவிடும். ஆக, படம் பொய் சொல்லாமலே பொய்யுணர்வை உண்டாக்குகின்றது. 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் இம்மலையேறியோருள் சிலர் உடல்நலக் குறைவால் வழியிலேயே உயிர் நீத்தனர். நெஞ்சுநோயும் மூச்சுநோயும் உடையோர் ஏறற்க என அறிவுறுத்தவும் பட்டது. அவ்விறப்புகளுக்குக் காணொளியே காரணம் என்று கூறுதல் அறமன்று. ஆனால் அம்மலையைப் பற்றி ஒருவன் பின்வருவானுக்கு எதைச் சொல்லவேண்டும் என்ற கேள்வி அதனால் வெறும் சுவை பற்றிய கேள்வியாக நில்லாது போயிற்று.

அவ்வழியின் இடப்பெயர்களை நோக்குக: பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, வழுக்குப்பாறை, சீதைவனம், திருநீற்றுமலை, ஆண்டிச் சுனை. இவை தம்முள்ளே ஓர் ஆற்றுப்படை. நீர் கிடைக்கும் இடம், கால் வழுக்கும் இடம், மண்ணின் நிறம் மாறும் இடம் ஆகியவற்றை நம் முன்னோர் பெயராகவே பொறித்துவைத்தனர். எழுத்துக் குறிப்பு எழுதுபவன் இப்பெயர்களைக் கூறாமல் ஒரு பத்தியும் எழுத இயலாது. எங்கு நின்றான் என்பதைச் சொல்லவேண்டுமே! காணொளி எடுப்பவனுக்கு அக்கட்டாயம் இல்லை. காட்சி முன்னே நிற்றலின் பெயர் வேண்டாததாகின்றது. கைதட்டிச் சுனையில் கை தட்டுவாரைக் காட்டி அப்பெயரைச் சொல்லாமலே கடந்துவிட்ட படத்தையும் கண்டோம்.

இவ்வேறுபாட்டின் வேர் யாது? தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் முப்பத்துநான்கு உறுப்புகளுள் நோக்கு என்பது ஒன்று. கேட்டவன் மீண்டும் நோக்கிப் பயன்கொள்ளுமாறு ஒரு செய்யுள் முழுவதும் சொற்கள் அமைந்திருத்தலே அஃது என்பர். அதனை விளக்கப் புகுந்த பேராசிரியர் அகநானூற்று நான்காம் பாட்டை எடுத்துக்கொண்டு சொல்தோறும் நின்று நின்று பொருள் காட்டுகின்றார். அவ்வாறு நிற்பதற்குக் காலம் படிப்பவன் கையில் இருத்தல் வேண்டும். நிழற்படத்தின் முன்னும் எழுத்தின் முன்னும் காலம் நம் கையது. ஒரு படத்தை அரை மணி நேரம் நோக்கலாம், ஒரு தொடரை மூன்று முறை படிக்கலாம். ஓடும் படத்தின் முன் காலம் அதனை எடுத்தவன் கையது. நிறுத்திப் பார்க்கலாமே எனின், நிறுத்தியபோது அது நிழற்படமாகிவிடுகின்றது. அதுவும் பெரும்பாலும் மங்கிய நிழற்படம்.

ஓடும் படத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1878-இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பார் பல கேமராக்களை வரிசையாக நிறுத்தி ஓடும் குதிரையைப் படம்பிடித்தார். குதிரையின் நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தை விட்டு எழும் கணம் உண்டு என்பது அப்போதே உறுதிப்பட்டது. கண் ஓட்டத்தில் காணாததை நின்ற படத்தில் கண்டனர். 1882-இல் பிரெஞ்சு அறிஞர் மரே துப்பாக்கி போன்ற கருவியால் பறவைகளின் பறப்பைப் பல நிலைகளாகப் பிரித்துப் பதிந்ததும் இந்நோக்கத்தினாலேயே. சலனப்படம் அசைவை ஆராயப் பிறந்து, பின்னர்க் காட்சி விருந்தாக மாறிற்று. அம்மாற்றத்தில் கோவைக்கும் பங்குண்டு: 1905-இல் படக்கருவியொன்றை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் இந்நகரில் வெரைட்டி ஹால் அரங்கை எழுப்பினார்.

நிழற்படமும் உரையும் இணைந்த நெறிக்கு நம்மவருள் தலைசிறந்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). அ. மாதவையாவின் மைந்தராகிய இவர், பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்த கேமராவால் முதுமலை முதலிய காடுகளில் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். 1950 முதல் இறக்கும் வரையில் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கைப் பத்தி எழுதினார், தமிழிலும் எழுதினார். அவர் முறையில் படம் உரைக்கு அணியாக நிற்பதில்லை. உரையும் படத்தைத் திருப்பிச் சொல்வதில்லை. விலங்கின் நிலை படத்தில் இருக்கும். அந்நிலைக்கு முன் நிகழ்ந்ததும், தாம் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதும், தாம் அறியாது விட்டதும் உரையில் இருக்கும். இன்றைய நிழற்படக் குறிப்புகளுட் பலவற்றில் இவ்வுரை இல்லை. படத்தின்கீழ்ப் புள்ளின் பெயரும் கேமராவின் பெயரும் மட்டும் இருக்கும்; சில வேளை கேமராவின் பெயர் மட்டுமே இருக்கும். அவை காணொளியினும் தாழ்ந்தவை என்றே கூறுவோம்.

காணொளிக்குரிய சிறப்பை மறுப்பது எம் நோக்கமன்று. கார்த்திகி கொன்சால்வஸ் இயக்கி 2022-இல் வெளிவந்து மறு ஆண்டு ஆஸ்கர் விருது பெற்ற ‘தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்’ என்னும் தமிழ்ப்பேச்சுப் படத்தைக் காண்க. முதுமலைத் தெப்பக்காட்டு முகாமில் பொம்மனும் பெள்ளியும் வளர்க்கும் யானைக்கன்று அவர்கள்மேல் சாய்ந்து நிற்கும் பாங்கை எந்த உரையும் அவ்வாறு உணர்த்தாது. அங்கே படமெடுத்தோர் நெடுங்காலம் உடனிருந்தனர். அக்காலம் படத்துள் தெரிகின்றது. அரைநாட் பயணத்தில் எடுத்த படத்திற்கு அவ்வுரிமை இல்லை. அங்ஙனமே மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் குளிர்காலத்தில் வரும் இலைக்கதிர்க்குருவிகளுட் சில இனங்களை உருவால் பிரித்தறிதல் வல்லார்க்கும் அரிது, குரலே அடையாளம். அவற்றிற்கு நிழற்படம் பயன்படாது, ஒலிப்பதிவு வேண்டும். இவ்விடத்தில் எம் கோட்பாடு தோற்கின்றது என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

ஆனால் வால்பாறைப் பக்கத்து இருவாச்சியை எண்ணுக. பெட்டை மரப்பொந்தினுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள, ஆண் சிறு பிளவின்வழி அத்திக்கனி ஊட்டும். அக்கூட்டின் வாழ்வு ஏறத்தாழ நான்கு திங்கள் நீளும். காணொளி கனி ஊட்டும் ஒரு கணத்தைக் காட்டும். அதற்காகக் கூட்டருகே மனிதர் பலமுறை செல்வர். ஆண் அஞ்சி வாராதிருந்தால் உள்ளே இருப்பவை பசித்திருக்கும். எழுதுபவன் தொலைவில் நின்று, எத்தனை முறை வந்தது என்று எண்ணிக் குறித்தால் போதும். முன்னர்க் கூறிய அகநானூற்று நான்காம் பாட்டில், பூவில் தாதுண்ணும் வண்டுகள் கலங்குமே என்று அஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டிவரும் தலைவன் ஒருவன் இருக்கின்றான். நோக்கு என்னும் உறுப்புக்கு உரையாசிரியர் காட்டிய பாட்டு அதுவாகவே அமைந்தமை தற்செயலாயினும் எமக்கு மகிழ்ச்சி தருகின்றது.

தமிழ்த்துறை மாணவர்க்கு இதிலுள்ள வேலை இன்னும் அணுக்கமானது. தமிழ்ப் பேராசிரியர் க. ரத்னம் ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ என்னும் நூலில் மக்கள் வழக்கிலும் இலக்கியத்திலும் உள்ள பெயர்களைத் தொகுத்தார். தாராபுரத்தில் 1940-இல் பிறந்த சு. தியடோர் பாஸ்கரன் திரைப்பட வரலாற்றாசிரியராக இருந்தும் தாம் கண்ட காட்டையும் நீர்நிலையையும் பற்றித் தமிழில் கட்டுரைகளாக எழுதுவதையே தேர்ந்துகொண்டார் என்பது கருதத்தக்கது. படத்தின் ஆற்றலை அறியாதவர் அல்லர் அவர். குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரை நிரல்படச் சொன்ன கபிலர் பெரும்பாலானவற்றை வருணிக்கவும் இல்லை. பெயர் போதும் என்று விட்டார், கேட்பவன் அறிவான் என்னும் துணிவால். சிங்காநல்லூர்க் குளத்தில் காணும் புள்ளுக்கு வட்டாரப் பெயர் என்ன என்று கரையில் மீன் பிடிப்பாரிடம் கேட்டு எழுதும் மாணவன் அத்துணிவுக்குச் சிறிது உரமிடுகின்றான்.

இறுதியாக இடத்தைக் கூறாது விடுதல் பற்றி ஒன்று. 2015 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் குறிப்புகள் இ-பேர்டு தளத்தில் பதியப்படுகின்றன. வேட்டைக்கோ தொல்லைக்கோ இலக்காகக்கூடிய சில இனங்களின் இடத்தை அத்தளம் பொதுமக்கள் பார்வையினின்று மறைத்துவிடுகின்றது. எழுத்தும் நிழற்படமும் அம்மறைப்பிற்கு இடங்கொடுக்கும். ஆந்தை ஒன்றின் பகலுறைவிடத்திற்கு நடந்து செல்லும் காணொளியிலோ சாலை, பாலம், புளியமரம், பிரியும் வண்டித்தடம் எல்லாம் வரிசையாக வந்துவிடுகின்றன. ஊர்ப்பெயரை மட்டும் அடித்துவிட்டு, மறைத்துவிட்டோம் என்று அதன்கீழ் எழுதியிருந்த ஒரு படத்தைக் கண்டு, அவ்விடம் பேரூர்ப் பக்கத்து நொய்யற் கரை என்பதை எம் மாணவர் ஒருவர் மூன்றே மணித்துளியில் கூறிவிட்டார்.