கொட்டகைச் சரித்திரமும் தரை டிக்கெட்டும்

பழைய சினிமாக் கொட்டகைகளைப் பற்றிய கட்டுரைகள் இந்நாளில் மிகுந்து வருகின்றன. ஊர்தோறும் ஒரு கொட்டகை இடிபடுகின்றது. இடிபட்ட மறுவாரம் அதனைப் பற்றி ஒரு கட்டுரை வெளியாகின்றது. முகப்பின் அழகு, முதலாளியின் பெருமை, முதன்முதல் ஓடிய படம், வெள்ளிவிழாக் கண்ட படம், வந்து போன நடிகர் ஆகியவற்றை அடுக்கி, அந்தக் காலம் இனி வருமா என்று பெருமூச்சு விட்டு முடிப்பது இவற்றின் இலக்கணமாகிவிட்டது. எழுதுவோரின் அன்பை நாம் ஐயுறவில்லை. பெருமூச்சு சரித்திரமாகாது என்பதே நமது வழக்கு.

கோயமுத்தூரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். எம் தாய்வழியார் அம்மாவட்டத்தினின்று பால்மரக் காட்டிற்கு வந்தவர்கள். அந்த உறவு முற்றும் அற்றுப்போகாமையால், சென்ற ஆண்டு ஒரு கலியாணத்தை முன்னிட்டு விடுப்பெடுத்து அங்கே சென்றிருந்தோம். கலியாண வீட்டில் நமக்கு வேலை ஒன்றும் இல்லை. ஆகவே, அவ்வூர்க் கொட்டகைகளின் சரித்திரத்தைத் தேடிப் பத்து நாள் அலைந்தோம். ஆங்கிலப் பள்ளியிற் படித்த நமக்கு இத்தேட்டமும் ஆங்கிலப் புத்தகங்களிலேயே தொடங்கிற்று என்பதைச் சற்று நாணத்தோடு ஒப்புக்கொள்கிறோம். திரு. தியடோர் பாஸ்கரன் 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆராய்ச்சி நூலைப் படித்த பின்னரே தமிழ்க் கட்டுரைகளைத் தேடினோம்.

அவ்வூரில் எவரைக் கேட்டாலும் முதலில் வரும் பெயர் திரு. சாமிக்கண்ணு வின்சென்ட். 1883இல் பிறந்த இவர் திருச்சியில் ரயில்வேயில் டிராப்ட்ஸ்மன் வேலை பார்த்து வந்தார். 1905இல், ஊர் ஊராகப் படங்காட்டி வந்த தூபோன் என்னும் பிரெஞ்சுக்காரர் நோயுற்று நாடு திரும்ப விரும்பியபோது, அவருடைய படக்கருவியையும் படங்களையும் விலைக்கு வாங்கி, உத்தியோகத்தை உதறிவிட்டுக் கூடாரத்தோடு புறப்பட்டார். ஏசுநாதர் சரித்திரப் படமே அவர் கைம்முதல். பல ஆண்டுகள் நாடு முழுதும் சுற்றியபின் 1914இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான கொட்டகையைக் கட்டினார். பிற்காலத்தில் அது டிலைட் எனப் பெயர் மாறிற்று. ஆயினும் டவுன்ஹாலை அடுத்த அந்தச் சாலைக்கு வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயரே நின்றுவிட்டது. ஓர் அரசனுக்கோ தேசத் தலைவனுக்கோ கிடைக்கும் மரியாதை ஒரு சினிமாக் கொட்டகைக்குக் கிடைத்திருப்பது நமக்கு மிக்க மகிழ்ச்சியே.

ஆனால் இதனை எழுதும் கனவான்கள் இம்மகிழ்ச்சியோடு அமைவதில்லை. 'முதல்' என்னும் சொல் இன்றி அவர்களாற் பேனாவைப் பிடிக்க இயலவில்லை. தென்னாட்டின் முதற் கொட்டகை இதுவே என்று ஒருவர் எழுதுகிறார். சென்னை மவுண்ட் ரோடில் வார்விக் மேஜர் என்பவர் 1913லேயே எலெக்டிரிக் தியேட்டரைத் திறந்துவிட்டார். அக்கட்டடம் இன்றும் தபாலாபீஸ் வளைவினுள் நிற்கின்றது. இதனை எடுத்துக் காட்டினால், இந்தியர் கட்டியவற்றுள் முதல் என்று திருத்துகிறார். சென்னையில் ரகுபதி வெங்கையாவின் கெயிட்டியும் 1914ஐச் சேர்ந்ததே என்றால், சென்னைக்கு வெளியே முதல் என்கிறார். இவ்வாறு அடைமொழியைச் சேர்த்துக்கொண்டே போனால் எந்தக் கொட்டகையும் ஏதேனும் ஒன்றில் முதலாகும். எங்கள் தோட்டத்துக் கோழிக் கூண்டுக்கும் அவ்வுரிமை உண்டு.

முதலா இரண்டாவதா என்பதைவிடப் பெரிய விஷயமொன்று வின்சென்டின் வாழ்க்கையிற் கிடக்கின்றது. கூடாரக்காரர் ஏன் கட்டடக்காரர் ஆனார்? கூடாரம் ஊரை மாற்றும். படத்தை மாற்ற வேண்டியதில்லை. ஒரே ஏசுநாதர் படத்தை நூறு ஊர்களிற் காட்டலாம், ஒவ்வோர் ஊரிலும் அது புதுப்படமே. கட்டடமோ அசையாது. பார்ப்பவர் அதே ஊரார். ஆகையால் படம் மாறியே தீர வேண்டும். படம் மாற வேண்டுமானால் வாடகைக்குப் படந்தரும் வியாபாரம் வேண்டும், வாரந்தோறும் படப்பெட்டியைக் கொண்டுவரும் ரயில் வேண்டும், கருவியை ஓட்ட மின்சாரம் வேண்டும், வாரந்தோறும் காசு செலவழிக்கக்கூடிய ஜனங்களும் வேண்டும். கோயமுத்தூரில் 1888 முதல் பஞ்சாலை ஓடிற்று. 1930க்குப் பிறகு பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. மாதச் சம்பளக்காரரும் கூலிக்காரரும் ஒரே இடத்திற் குவிந்தனர். 1935இல் சென்ட்ரல் ஸ்டூடியோ அவ்வூரிலேயே எழுந்ததற்கும், அதனைத் தொடங்கியவர்களுள் வின்சென்டும் ஒருவராக இருந்ததற்கும் இத்தரையே காரணம். ஆலைச் சங்கு ஊதாத ஊராயின் வின்சென்ட் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போயிருப்பார் என்றே கருதுகிறோம். இதை விட்டுவிட்டு அவரைத் தனி மனிதரின் துணிவாக மட்டும் வரைவது அவருக்கும் நியாயம் அன்று, அவ்வூர்த் தொழிலாளருக்கும் நியாயம் அன்று.

நிற்க. இச்சரித்திரத்திற்கு ஆதாரம் எங்கே என்று கேட்பவர்க்கு ஒரு கிராணியின் விடையைச் சொல்லுகிறோம்: கணக்கில் இருக்கின்றது. 1918ஆம் ஆண்டுச் சினிமாச் சட்டப்படி லைசென்சு இன்றி எவரும் படங்காட்டலாகாது. மாவட்டங்களில் லைசென்சு தருபவர் ஜில்லா மாஜிஸ்திரேட். அந்நாளைப் பிலிம் நெருப்புப் பட்டால் வெடிமருந்துபோல் எரியுந் தன்மையது. ஆகையால் படக்கருவி வைக்கும் அறை எப்படி இருக்க வேண்டும், வாயில்கள் எத்தனை என்பனவெல்லாம் சர்க்கார் கேள்விகளாயின. கேள்வி கேட்ட இடத்தில் பதில் இருக்கும், பதில் இருக்கும் இடத்தில் படமும் அளவும் இருக்கும். 1927ஆம் ஆண்டு திவான் பகதூர் ரங்காச்சாரியார் தலைமையில் அமர்ந்த சினிமா விசாரணைக் கமிட்டி 353 சாட்சிகளை விசாரித்தது. அச்சாட்சியங்கள் அச்சில் உள்ளன. சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்திற் பாட்டுப் புத்தகங்களும் நோட்டீசுகளும் இருக்கின்றன. பாட்டுப் புத்தகத்திற் பாட்டை மட்டும் படிப்பவர் பலர். அட்டையில் எந்த ஊர், எந்தக் கொட்டகை என்று பார்ப்பவர் சிலரே.

எல்லாவற்றிற்கும் மேலானது கொட்டகையின் தினசரி வசூற் கணக்கு. தொழிலில் உள்ளோர் இதனை டி.சி.ஆர். என்பர். 1939இல் சென்னை மாகாணத்திற் கேளிக்கை வரிச் சட்டம் வந்தபின் இக்கணக்கை மழுப்ப இயலாதாயிற்று. ஒவ்வொரு காட்சிக்கும், ஒவ்வொரு வகுப்பிலும், கிழித்த முதற் சீட்டின் எண், கடைசிச் சீட்டின் எண், விலை, வரி, எஞ்சிய தொகை, அதிற் படக்காரர் பங்கு எல்லாம் வரிவரியாக இருக்கும். நாள்தோறும் செக்ரோல் எழுதும் நமக்கு இதன் அருமை தெரியும். பேர் போட்டவர் எத்தனை, வராதவர் எத்தனை என்னும் எண்ணிக்கையில் ஒரு லயத்தின் காய்ச்சலும் பட்டினியும் தெரிவதுபோல, தரையில் எத்தனை, பெஞ்சில் எத்தனை, நாற்காலியில் எத்தனை என்பதில் ஓர் ஊரின் வாழ்வு தெரியும். சம்பள வாரத்தில் தரை நிரம்பிற்றா? ஆலை மூடிய மாதத்தில் பெஞ்சுக்காரர் தரைக்கு இறங்கினரா? 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னைப் பிராட்வேயில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அத்தீபாவளிகளில் உள்ளே உட்கார்ந்தவர் யாவர் என்று எழுதியவரை நாம் கண்டதில்லை.

இத்தகைய ஏடுகளைத் தேடி ஓர் அலுவலகத்திற்குச் சென்றோம். மூன்றாம் நாள், பழைய காகிதமெல்லாம் எடைக்குப் போயிற்று என்றார்கள். ஒரு கொட்டகையில் மீதியிருந்த சில புத்தகங்களைக் கண்ணாற் கண்டோம். டீக்கடைக்குப் போகக் கட்டி வைத்திருந்தார்கள். முகப்புத் தூணுக்குக் கண்ணீர் விடும் அன்பர்களே, ஒரு கிலோ காகிதத்தின் விலைக்கு உங்கள் சரித்திரம் கைமாறிக்கொண்டிருக்கின்றது!

அங்கேதான் அறுபதுகளில் ஆபரேட்டராகச் சேர்ந்து முதுமைவரை உழைத்த பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். கரிக்குச்சி விளக்கின் முனைகளை விலகாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டிய தொல்லையையும், ரீல் மாற்றுகையில் ஒரு நொடி தவறினால் கீழிருந்து எழும் சீழ்க்கையையும் அவர் விவரித்தது கேட்கத்தக்கது. நாற்பதாண்டு படம் ஓட்டியவர் தாம் ஓட்டிய படம் ஒன்றையும் முழுதாகப் பார்த்ததில்லை என்றார். அவரிடம் எமது முக்கியமான கேள்வியைக் கேட்டோம்.

அக்கேள்வி வருமாறு. யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் திரு. கா. சிவத்தம்பி 1981இல் தமிழ்ச் சினிமாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூலில், தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே இடம் பிறப்பால் அன்றிக் கொடுக்கும் காசால் அமைந்தது என்றும் கருத்துரைத்தார். அதன்பின் இப்பொருளைத் தொட்டவரெல்லாம் இதனை எடுத்தாள்கின்றனர். பெரிய கருத்து என்பதில் ஐயமில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தது 1939இல். மாகாணம் முழுமைக்கும் கோவில்களைத் திறக்கும் சட்டம் வந்தது 1947இல். அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே, கோனியம்மன் கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில், காசு கொடுப்பவர்க்கெல்லாம் டிக்கெட் கிழிக்கும் கதவு ஒன்று திறந்துவிட்டது. கொட்டகைச் சரித்திரம் எழுதுவோர்க்கு இதைவிட உயர்ந்த பொருள் வேறென்ன வேண்டும்? ஆனால் எடுத்தாள்வோர் எல்லாரும் இதனைச் சூத்திரம்போல் ஓதுகின்றனரேயன்றி, ஒரூர்க் கொட்டகையில் வைத்துச் சோதிப்பாரில்லை. ஆகவே கேட்டோம்: உங்கள் காலத்தில் எல்லாரும் ஒன்றாகத்தானா உட்கார்ந்தார்கள்?

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "டிக்கெட்டுல சாதி எழுதறதில்லீங்க தம்பி. காசு குடுத்தாக் கிழிச்சுக் குடுப்போமுங்க. உள்ள போனா எந்தப் பக்கம் உக்காரோணும்னு அவங்கவங்களுக்கே தெரியுமுங்க" என்றார்.

இவ்வொரு விடையால் பேராசிரியரின் கருத்து வீழ்ந்துவிட்டது என்று சொல்லும் அவசரம் நமக்கில்லை. கூரை ஒன்றே என்பது மெய். கோவிலில் இல்லாத கூரை, தெருக்கூத்திலும் கூட இல்லாத கூரை. அதன்கீழ் வந்தமர்ந்ததே ஒரு பெரும் மாறுதல். அதனை இகழ்வோர் வெளியே நிறுத்தப்பட்டு அறியாதவர். ஆயினும் காசு பிறப்பைப் பாராது என்பது பாதி மெய்யே. தரைக்குக் காலணாக்கள், நாற்காலிக்கு ரூபாய் என்றால், யார் கையில் ரூபாய் இருந்தது? தோட்டியின் கூலியை நிர்ணயித்தது எது? சாதி வாயிலில் நின்று தடுக்காவிட்டாலும், முந்திய சனிக்கிழமையே சம்பளக் கூடத்தில் அவன் இடத்தை அளந்து வைத்துவிடுகிறது. பெண்களுக்கெனத் தனித் தடுப்பு வைத்த கொட்டகைகள் தமிழ்நாடெங்கும் இருந்தன. அத்தடுப்பு எப்பொழுது எடுபட்டது, யார் எடுக்கச் சொன்னார் என்பதும் சரித்திரமே. இவற்றை அறியவே டி.சி.ஆர். வேண்டும், பெரியவர்களின் வாய்மொழி வேண்டும், லைசென்சுக் கட்டுகள் வேண்டும். முகப்பின் நிழற்படம் இதற்கு உதவாது.

இந்நாட்டிலும் நிலைமை வேறன்று. கோலாலம்பூர்க் கொலிசியம் 1920ஐச் சேர்ந்தது. தமிழ்ப் படங்களால் பிற்காலத்தில் நம்மவர் கொட்டகையாயிற்று. 2006இல் அதனை அரசாங்கம் எடுத்துக்கொண்டு பாரம்பரிய மையமாக்கும் யோசனை எழுந்தபோது எதிர்ப்பும் எழுந்தது. அதன் கட்டட அழகைப் பற்றி நாம் படித்தவை பல. தோட்டத்திலிருந்து லாரியேறி வந்தவர் எந்த விலைச் சீட்டில் எங்கே அமர்ந்தார் என்று படித்தது மிகச் சிறிது.

கோயமுத்தூரிலிருந்து திரும்பியதும், பிறரைக் குறைகூறும் நாம் நம் வீட்டுக் கணக்கைப் பார்த்தோமா என்ற எண்ணம் உறுத்திற்று. எம் பாட்டனாரும் தோட்டத்துக் கிராணியே. அவர் கைப்பட எழுதிய பழைய சில்லறைச் செலவுப் புத்தகம் ஒன்று வீட்டுப் பெட்டியிற் கிடந்தது. ஐம்பதுகளில் தோட்டத்துத் திடலில் திரைகட்டிப் படங்காட்டிய நாட்களின் செலவு அதில் இருக்கின்றது. படங்காட்டியவருக்குக் கூலி ஒரு வரி. அதன்கீழ், "நாற்காலி 12, வாடகை" என்று மற்றொரு வரி. பாய்க்கோ பெஞ்சுக்கோ வரி இல்லை.

எம் தந்தையாரிடம் அப்பக்கத்தை நீட்டி, அந்தப் பன்னிரண்டில் உட்கார்ந்தவர் யாவர் என்று கேட்டோம். துரை வந்தால் இரண்டு, பெரிய கிராணி, டிரசர், வாத்தியார், பெரிய கங்காணி என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர் பதினொன்றில் நிறுத்தினார்.

"அந்தக் கடைசி நாற்காலி?" என்றோம்.

"அதுல நான்தான்யா உக்காந்தேன். அப்ப எனக்கு ஆறு வயசு" என்றார்.