வீட்டுப் பட்டறைக்குக் குழி வேண்டாம்

போர்டிகோவில் பதித்த பார்க்கிங் டைல்ஸ் உடையும்போது பெரிய சத்தம் வராது. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எங்கள் மாருதி 800-க்கு முன் பிரேக் பேடு மாற்ற உட்கார்ந்தபோது அதைக் கேட்டேன். வண்டியைத் தாங்கி நின்ற இடப்பக்க ஸ்டாண்டின் ஒரு கால் டைல்ஸுக்குள் அரை அங்குலம் இறங்கி, ஸ்டாண்டு சாய்ந்து நின்றது. டைல்ஸுக்கு அடியில் கலவை நிரம்பாமல் அந்த இடம் பொள்ளலாக இருந்திருக்கிறது. கழற்றிய சக்கரத்தை வழக்கம்போல் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டிருந்தேன், கையை உள்ளே விட்டிருக்கவில்லை. ஜாக்கியை மறுபடி கொடுத்து வண்டியை இறக்கினேன். அன்றைக்கு வேலை அதோடு நின்றது. வீட்டில் கார் வேலை பார்க்க வாங்க வேண்டியவை என்று நான் எழுதி வைத்திருந்த பட்டியலில் தரை என்ற சொல்லே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

வீட்டில் சிறு பட்டறை வைக்க ஆசைப்படுகிறவர்கள் பலரிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். எல்லார் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுதான்: நூறு துண்டுக்கு மேல் உள்ள சாக்கெட் செட், கம்ப்ரஸர், இழுப்பறை வைத்த டூல் டிராலி, கொஞ்சம் வசதி இருந்தால் லிஃப்ட். பெரும்பாலும் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துப் போட்ட பட்டியல் இது. அங்கே கராஜ் என்பது வீட்டோடு சேர்த்துக் கட்டிய அறை. மட்டமான கான்கிரீட் தரை, இரண்டு கார் நிற்கும் அகலம், தலைக்கு மேல் கூரை, எல்லாம் முன்கூட்டியே இருக்கிறது. அதனால் அவர்கள் தரையைப் பற்றிப் பேசாமல் கருவியில் தொடங்குகிறார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அந்தத் தரையே கிடையாது. பட்டியலின் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் என் வாதம்.

அதற்கு முன் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். காசு மிச்சம் பிடிக்க வீட்டில் பட்டறை வைப்பது நம் ஊரில் கணக்குக்கு ஒத்து வராது. தெருமுனை மெக்கானிக் வாங்கும் கூலியை வைத்துப் பார்த்தால், கருவிகளுக்குப் போட்ட முதலை எடுக்கவே பல ஆண்டுகள் ஆகும். வீட்டில் செய்வதற்கு உண்மையான காரணங்கள் இரண்டு. என்ன ஆயில் ஊற்றினோம், எந்த நட்டை எவ்வளவு இறுக்கினோம் என்பது நமக்கே தெரியும். சொந்த வண்டியைக் கையால் அறிகிற நிறைவும் உண்டு. இந்த இரண்டும் வேண்டாதவர்கள் நல்ல மெக்கானிக் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்வதே சரி.

முதல் கேள்வி இடம். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி ஒரு காருக்கான நிறுத்துமிடம் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். ஸ்விஃப்ட் போன்ற கார் கண்ணாடிகளை விட்டுவிட்டே ஏறத்தாழ 1.73 மீட்டர் அகலம். இருபுறமும் சமமாகப் பிரித்தால் பக்கத்துக்கு 38 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். வீல் நட்டைத் தளர்த்தும் நீளக் கம்பியே 45 சென்டிமீட்டருக்குக் குறையாது. ஆக, விதிப்படி கட்டிய இடம் காரை நிறுத்த மட்டுமே ஆகும், உட்கார்ந்து வேலை பார்க்க ஆகாது. வேலை பார்க்க 12 அடி அகலமும் 20 அடி நீளமும் வேண்டும். அடுக்ககத்தின் தூண் தளத்தில் இருப்பவர்கள் பக்கத்துக்காரர் வண்டியை எடுத்த நேரம் பார்த்துச் செய்யலாம். ஆனால் அங்கே பட்டறை அமைக்கத் திட்டம் போடாதீர்கள்.

இட விஷயத்தில் நமக்கு ஒரு நல்லதும் இருக்கிறது. குளிர் நாட்டின் மூடிய கராஜில் இன்ஜினை ஓட விட்டால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளையே முடித்துவிடும். நம் போர்டிகோவும் மூன்று பக்கம் திறந்த ஷெட்டும் காற்றோட்டத்தில் அதைவிட மேல். ஷட்டர் போட்டு அடைத்து 'முழு கராஜ்' ஆக்குகிறவர்கள் இருக்கும் நன்மையை விலை கொடுத்துக் கெடுத்துக்கொள்கிறார்கள். சாரல் அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் மறைப்பு போதும்.

அடுத்தது தரை. பேவர் பிளாக் இறங்கும், டைல்ஸ் உடையும், மண் தரையில் ஸ்டாண்டு புதையும். நான்கு முதல் ஐந்து அங்குலக் கான்கிரீட்டே வேண்டும். சரிவையும் கவனிக்க வேண்டும். நம் போர்டிகோக்கள் மழைத்தண்ணீர் ஓடவும் கேட்டில் ஏறவும் வசதியாகச் சாய்த்துக் கட்டப்பட்டவை. இருபது அடிக்கு இரண்டரை அங்குலத்துக்கு மேல் சரிவு இருக்கும் தரையில் வண்டியைத் தூக்கி நிறுத்த நான் ஒப்பமாட்டேன். பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தாலும், தூக்கத் தூக்க டிராலி ஜாக்கி தன் சக்கரத்தில் கொஞ்சம் நகர்ந்தாக வேண்டும். சரிவில் அது நகரும் திசை நம் கையில் இல்லை.

இனி முக்கியமான வழக்கு: வண்டிக்கு அடியில் எப்படிப் போவது? குழி, லிஃப்ட், ஸ்டாண்டு என்று மூன்று வழிகள். இடமும் கொஞ்சம் பணமும் இருக்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது குழிதான், அதில் ஆச்சரியமில்லை. நாம் பார்த்து வளர்ந்த பட்டறைகளில் குழி இருந்தது. நாமக்கல், சங்ககிரி லாரி ஷெட்டுகளிலும் பேருந்துப் பணிமனைகளிலும் இன்றும் இருக்கிறது. செலவு குறைவு, கூரை உயரம் தேவையில்லை, நின்றுகொண்டே கியர் ஆயில் இறக்கலாம். இந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. என் பெரியப்பா வீட்டு ஷெட்டில் ஒரு குழி இருந்தது. பனங்கட்டைகளால் மூடி வைத்திருப்பார். அதில் இறங்கி நின்றுதான் பத்மினி காரின் கியர்பாக்ஸை முதன்முதலில் நான் கீழிருந்து பார்த்தேன்.

இருந்தும் வீட்டுக்குக் குழி ஆகாது என்பதே என் முடிவு. குழி வண்டியைத் தூக்குவதில்லை என்ற எளிய உண்மை முதலாவது. பிரேக், சஸ்பென்ஷன், வீல் பேரிங், டயர் ஆகிய வேலைகளுக்குச் சக்கரம் தரையை விட்டு எழ வேண்டும். வீட்டில் செய்யும் வேலைகளில் பாதிக்கு மேல் இவைதான். குழி தோண்டிய பிறகும் ஜாக்கியும் ஸ்டாண்டும் தேவைப்படும். அதையும் குழியின் விளிம்பை ஒட்டி வைக்க வேண்டியிருக்கும், இது முன்பைவிட ஆபத்து. பேருந்தும் லாரியும் உயரமான வண்டிகள், அவற்றுக்குக் குழி ஒத்து வரும். 800 போன்ற காரில் இரு பக்கச் சக்கரங்களுக்கு நடுவே மூன்றரை அடிதான் கிடைக்கும்.

இரண்டாவது, பெட்ரோல். அதன் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் இறங்கித் தங்கிவிடும். காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு கலந்தாலே தீப்பற்றும். 4 மீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குழியின் கொள்ளளவு ஏறத்தாழ 5 கன மீட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக ஆவியானால் 190 லிட்டர் அளவுக்கு ஆவி தரும். கணக்குப் போட்டால், மூன்றில் ஒரு பங்கு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான பெட்ரோல் அந்தக் குழி முழுவதையும் தீப்பற்றும் நிலைக்குக் கொண்டுவரப் போதும். ஃபியூவல் ஃபில்டர் மாற்றும்போது குழாயிலிருந்து கொட்டுவதே அதில் கணிசமான பங்கு. அமெரிக்க மின்விதிகள் வணிகப் பணிமனைகளில் காற்றோட்டமில்லாத குழியை அபாயப் பகுதியாகக் கருதுவது இதனால்தான். பெரிய பணிமனைகளில் இதைச் சமாளிக்கக் காற்று இழுக்கும் விசிறியும் பொறி பறக்காத விளக்கும் பொருத்துவார்கள். வீட்டுக் குழியில் தொங்குவது ஒயரில் கட்டிய பல்பு.

மூன்றாவது தண்ணீர். ஐப்பசி அடைமழையில் பெரியப்பாவின் குழியில் இடுப்பளவு தண்ணீர் ஊறி நிற்கும். சென்னையின் தாழ்வான பகுதிகளில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் புகுந்தபோது தரைமட்டமே தெரியவில்லை. அப்படிப்பட்ட தெருவில் வீட்டுக்குள் ஐந்தடிப் பள்ளம் வைத்திருப்பதை எண்ணிப் பாருங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இதற்கு மேல் நான் வாதாட வேண்டியதில்லை.

இரு தூண் லிஃப்ட் நல்ல கருவிதான், நம் வீடுகளுக்குத்தான் பொருந்தவில்லை. காரைத் தூக்கி அடியில் நிற்க 11, 12 அடி உயரம் வேண்டும். நம் கூரை பத்தடி, தூண் தளம் அதற்கும் குறைவு. தூண்களை இறுக்கும் ஆங்கர் போல்ட்டுகளைத் தாங்கத் தயாரிப்பாளர் சொன்ன கனத்திலும் வலுவிலும் கான்கிரீட் வேண்டும். பழைய தரையில் துளை போட்டு மாட்டுவது உயிரோடு விளையாடுவது. விலையோ லட்சத்துக்கு மேல். வாரம் இரண்டு மூன்று கார் பார்ப்பவருக்கு அது நியாயமான செலவு. ஆண்டுக்கு நான்கு முறை ஸ்பேனர் பிடிப்பவருக்கு இல்லை. மடக்கி ஓரமாக வைக்கக்கூடிய தாழ்வான லிஃப்டுகள் இடைப்பட்டவை. தரை மட்டமாக இருந்து, கையில் பணமும் இருந்தால் வாங்கலாம் என்பேன்.

மிஞ்சுவது டிராலி ஜாக்கியும் நான்கு ஸ்டாண்டுகளும். என் தீர்ப்பு இதன் பக்கம். ஆனால் எந்த ஸ்டாண்டு என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். பல் வெட்டிய தண்டை ஒரு கொக்கி பிடித்து நிற்கும் வகையும் உண்டு, துளைக்குள் கனமான கம்பியைச் செருகும் வகையும் உண்டு. அமெரிக்காவில் 2020-இல் முதல் வகையைச் சேர்ந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டாண்டுகளை விற்பனையாளர் திரும்பப் பெற வேண்டியிருந்தது. கொக்கி பல்லைச் சரியாகப் பிடிக்காமல் பாரத்தோடு நழுவக்கூடும் என்பதே குறை. கம்பி செருகும் வகையில் உயரத்தை நினைத்தபடி நுணுக்கமாக மாற்ற முடியாது. ஆனால் கம்பி முறியாமல் வண்டி இறங்காது. வீட்டுக்கு அதுவே சரி. காரோடு வரும் ஜாக்கி பஞ்சரான டயரை மாற்ற மட்டும்தான். ஹைட்ராலிக் ஜாக்கியின் சீல் எப்போது கசியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்டாண்டில் இறக்கியதும் வண்டியைத் தோளால் ஒரு முறை பலமாகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் அடியில் போகாதீர்கள்.

வெளிச்சத்தை எல்லாரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். நுணுக்கமான மெக்கானிக் வேலைக்கு 500 லக்ஸ் வேண்டும். 12-க்கு 20 அடி என்பது ஏறத்தாழ 22 சதுர மீட்டர், ஆக 11,000 லூமென். 20 வாட் எல்.இ.டி. டியூப் ஒன்று 2,000 லூமென் தரும். அழுக்குச் சுவரும் காரின் நிழலும் விழுங்குவதைச் சேர்த்தால் எட்டு டியூப் தேவை. நம் போர்டிகோக்களில் இருப்பது ஒன்று. கார் கூரைக்கு மேலே மாட்டாமல் இருபக்கச் சுவர்களில் மாட்டினால்தான் வீல் வளைவுக்குள் வெளிச்சம் விழும். பிளக் பாயின்டுகள் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும், காரணம் அதே பெட்ரோல் ஆவி. 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. இல்லாமல் ஈரத் தரையில் மின்கருவி பிடிக்கக் கூடாது.

கருவிகளில் கடைசிக் காசு மிஞ்சும்போது எதை வாங்குவது என்று கேட்டால், டார்க் ரிஞ்ச் என்பேன், கம்ப்ரஸர் அல்ல. டயர் கடையில் கன் வைத்து இறுக்கிய வீல் நட்டை நடுரோட்டில் ஏறி நின்று மிதித்தும் கழற்ற முடியாமல் திண்டாடியவர்கள் எத்தனை பேர்! எதிர்த் திசையில் இன்னொரு தவறு நடக்கிறது. சிறு பெட்ரோல் காரின் சம்ப் பிளக்குக்குப் பெரும்பாலும் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் போதும். 20 சென்டிமீட்டர் ரிங் ஸ்பேனரில் அது 18 கிலோ இழுவைக்குச் சமம். நன்றாக இருக்கட்டும் என்று முழுப் பலத்தையும் போடுகிறவர் அதைப்போல் இரண்டு மடங்கு கொடுத்து அலுமினிய சம்ப்பின் மரையை அழித்துவிடுகிறார். வண்டியின் சர்வீஸ் மேனுவலில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அளவு இருக்கிறது. அதைப் பார்த்து இறுக்குவதுதான் வீட்டில் செய்யும் வேலைக்குக் கிடைக்கும் பெருமை. வீட்டு அளவிலான 24 லிட்டர் கம்ப்ரஸரோ ஏர் கன்னுக்குத் தொடர்ந்து காற்றுக் கொடுக்கத் திணறும். நட்டுகளைத் தளர்த்தப் பேட்டரி இம்பாக்ட் போதும், டயருக்குச் சிறு காற்றடிப்பான் போதும். பழைய காரின் பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதும் பழக்கமும் கம்ப்ரஸர் இல்லாததால் விட்டுப்போகும். அந்தத் தூசியில் கல்நார் இருக்கக்கூடும்.

பழைய ஆயிலைச் சாக்கடையிலோ வேலியோரத்திலோ ஊற்றுவதை நான் எந்தச் சமாதானத்தாலும் ஏற்கமாட்டேன். 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் இடம்பெற்றிருக்கிறது. மூடியுள்ள கேனில் சேர்த்து, முறையாகக் கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையிடம் கொடுங்கள். ஆயில் துடைத்த பனியன் வேஸ்ட்டை மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். ஆறு கிலோ ஏ.பி.சி. தீயணைப்பான் வெளியே ஓடும் வழியில் தொங்கட்டும், பெட்ரோல் இருக்கும் மூலையில் வேண்டாம்.

சில வேலைகளை எத்தனை கருவி இருந்தாலும் வீட்டில் தொடக் கூடாது. காயில் ஸ்பிரிங் கழற்றுவது, ஏர்பேக், ஏ.சி. கேஸ், மின்காரின் ஆரஞ்சு நிறக் கேபிள்கள். இவற்றை வெளியே கொடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

அந்த டைல்ஸ் உடைந்த வீட்டில் பிறகு போர்டிகோவைப் பெயர்த்து ஐந்து அங்குலக் கான்கிரீட் போட்டேன். அதற்கு ஆன செலவில் நல்ல கம்ப்ரஸரும் டூல் டிராலியும் சேர்த்தே வாங்கியிருக்கலாம். இன்றும் என்னிடம் அவை இரண்டும் இல்லை, தேவையும் படவில்லை. இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். போர்டிகோவுக்கு டைல்ஸ் தேர்ந்தெடுக்கும் முன் மேஸ்திரியைக் கூப்பிட்டு, இங்கே காரைத் தூக்கி நிறுத்தப் போகிறேன், கான்கிரீட்டாகவே விடுங்கள், சரிவைக் குறையுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.