மயிலுக்கு வாகனம் லாரி

ஃபுளோட்டை சிங்கப்பூர்த் தமிழில் மிதவை என்கிறோம். மலேசியாவில் அலங்கார வாகனம் என்றும் சொல்வார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அது எங்கேயும் மிதக்கவில்லை, லாரிதானே.

நாடகத்துக்கு விமர்சனம் எழுதுகிறோம், குறும்படத்துக்கு எழுதுகிறோம். நம் புத்தகங்களைவிட அதிகம் பேர் பார்க்கும் சிங்கே வாகனங்களைப் பற்றி 'கலர்ஃபுல்லா இருந்துச்சு' என்பதோடு சரி. 1972இல் பட்டாசுக்குத் தடை வந்தது. சீனப் புத்தாண்டின் கலகலப்பு போய்விடக்கூடாது என்று 1973இல் தொடங்கிய ஊர்வலம் இது. 1970களிலேயே மலாய், இந்தியக் குழுக்களும் சேர்ந்தன. அன்று முதல் நம் வாகனத்துக்கு ஒரு கூடுதல் வேலை: 'இந்தியர்' என்று எழுதாமலே தெரியவைப்பது.

சில வருஷங்களுக்கு முன்பு இரண்டு வார இறுதிகள் ஒரு வாகனத்துக்குப் பூ ஒட்டப் போயிருந்தேன். லாரியின் தளத்தில் இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து எலும்புக்கூடு நிற்கும். அதன்மேல் கம்பி வலை, செதுக்கிய ஃபோம், பெயிண்ட், எல்ஈடி விளக்கு. ஜெனரேட்டரை உள்ளே ஒளிக்க வேண்டும். ஓட்டுநர் வெளியே பார்க்க ஒரு கீறல் விட வேண்டும். உயரம் 4.5 மீட்டரைத் தாண்டினால் சாலையில் துணை வாகனம் தேவை, அதனால் தோகைக்குக் கீல் வைத்து மடக்கியிருந்தார்கள். பார்வையாளர்கள் இரண்டு பக்கமும் உட்காருவதால் முகப்பைவிடப் பக்கவாட்டில்தான் உழைப்பெல்லாம். கடந்து போகும் சில விநாடிகளுக்குள் எல்லாம் புரிய வேண்டும். கஷ்டமான வடிவம்தான், மறுக்கவில்லை.

ஆனால் ஏன் மறுபடியும் மயில்?

அந்தக் குழுவில் ஒரு அக்கா மாமா கடையை வரைந்துகொண்டு வந்திருந்தார். புளோக்குக்குக் கீழே இருக்குமே, அந்தக் கடை. சரம் சரமாகத் தொங்கும் நொறுக்குத்தீனி, மிட்டாய் டப்பாக்கள், நடுவில் மாமாவின் தலை மட்டும். ஏற்பாட்டாளர் ஒருவர் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு, ஆனா இந்தியன் மாதிரி இல்லையே?"

எனக்கு இன்னும் ஆறாத கேள்வி அது. அடையாளம் தெரியாது என்பது அவர் கவலை இல்லை. இந்த ஊரில் வளர்ந்த சீனருக்கும் மலாய்க்காரருக்கும் மாமா கடை ஒரே விநாடியில் தெரியும். இங்கே நாம் வாழ்ந்தது தெரிவதைவிட, எங்கிருந்தோ வந்தது தெரிந்தால் போதும் என்ற கணக்கு. கடையைக் கைவிட்டார்கள். மயிலுக்குத்தான் நான் பூ ஒட்டினேன்.

பினாங்குத் தைப்பூசத்தில் 1894இலிருந்து ஓடும் வெள்ளி ரதத்தை இதோடு வைத்துப் பாருங்கள். பினாங்கு வீதியிலுள்ள கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைப் பக்கம் போகும். நின்று நின்று அர்ச்சனைத் தட்டு வாங்கும், சாலையெங்கும் தேங்காய் உடையும், சீனர்களும் உடைப்பார்கள். தன்னை யாருக்கும் விளக்க வேண்டிய அவசரம் அந்த ரதத்துக்கு இல்லை. பக்திக்கும் அணிவகுப்புக்கும் ஒரே அளவுகோல் சரியா என்று கேட்கலாம். ஞாயம்தான். ஆனாலும் அங்கே மயில் முருகனுக்கு வாகனம், அதற்கு ஒரு வேலை இருக்கிறது. இங்கே மயிலுக்கு லாரி வாகனம்.

அந்த அக்காவின் வரைபடத்தில் தோகை இல்லை, கீலும் தேவையில்லை. மாமா கடை ஏற்கெனவே பெட்டி வடிவம். லாரித் தளத்தில் அப்படியே உட்காரும்.